விரல் ஆறுகிற வரையில்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மேடை ஏறிப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். எங்கள் வீட்டில் பெண்கள் மூவர்: மாமியார், மருமகள், மகள். இந்த மூவர் சார்பிலும் சேர்த்துத்தான் இன்றைக்குப் பேசுகிறோம். வெட்டுப்பட்டது வீட்டுக்காரருடைய ஒரு விரல்தான். ஆனால் அந்த விரல் ஆறுகிற வரையில் வீடே கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தது. அந்தக் கதையைச் சொல்லும்படி செயலாளர் கேட்டார். அவரும் சம்மதித்துவிட்டார். அதோ, பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள். மரம் காயட்டும் என்று தாமதமாகத்தான் வெட்டப் போனோம். எங்கள் நிரைகள் அடுத்தடுத்த நிரைகள். மேட்டுக்காட்டில் படிப்படியாக வெட்டிய பாதை என்பது உங்களுக்குத் தெரியும். வலது கையில் கத்தி, இடது கையால் வெட்டுக்கோட்டில் காய்ந்திருந்த பாலை இழுத்து எடுக்கிறார். அந்த நேரத்தில் கால் சறுக்கியது. விழுகிறவன் கத்தியை விட்டுவிடுவான் என்று நாம் நினைக்கிறோம். இல்லை, விழுகிறவன் கையில் இருப்பதை இன்னும் கெட்டியாகத்தான் பிடிப்பான். நன்றாகத் தீட்டிய கத்தி. இடது சுட்டுவிரலின் உள்பக்கம், நடு மூட்டுக்குக் கொஞ்சம் கீழே, குறுக்காக இறங்கிவிட்டது.

சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், மனிதர் மங்கிலிருந்த பாலை விரல்மேல் ஊற்றப் போகிறார்! பால் உறைந்தால் இரத்தம் நிற்கும் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உங்களிலும் பலர் அப்படிச் செய்திருப்பீர்கள். தாய்மார்களே, மரத்திலிருந்து மங்குக்கு வருவதற்குள் அந்தப் பாலில் மழைத்தண்ணீர், பட்டைத்தூள், பூச்சி, கண்ணுக்குத் தெரியாத கிருமி எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. அது காய்ந்து மூடினால், அழுக்கை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. பிற்பாடு டாக்டர் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் உயிர் போய்விடும். மங்கைத் தட்டிவிட்டுத் தலைத்துணியை அவிழ்த்து வைத்து அமுக்கினோம். அந்தத் துணி சுத்தமானதல்ல. ஆனால் அமுக்கியது சரி என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் விடாமல் அமுக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுநடுவே திறந்து பார்க்கக் கூடாது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கியபடி பிடிக்க வேண்டும். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேருடைய பையிலும் துவைத்துச் சூரியனில் காயவைத்த வெள்ளைத்துணி ஒன்று பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. காசு செலவில்லாத காரியம்.

ஒன்றை மறந்துவிட்டோம். மோதிரம். பக்கத்து விரலில் கல்யாண மோதிரம் இருந்தது. ஒரு மணி நேரத்தில் கையே வீங்கி, மோதிரம் சதைக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சின்ன வாள் ஒன்றை வைத்து அறுத்து எடுத்தார்கள். அன்றைக்கு அழாத மாமியார் அதைப் பார்த்துத்தான் அழுதார். கையில் எங்கே அடிபட்டாலும் முதல் வேலையாக மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள்.

எங்களுக்கு நேராத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டை எறிந்துவிடாதீர்கள். ஐஸ் கட்டிமேல் நேராகவும் வைக்காதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக்கொண்டு ஆளோடு கூடவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒட்ட முடியுமா முடியாதா என்று டாக்டர் சொல்லட்டும்.

இனி, எங்களுக்கு வெட்கமான இடம். கிளினிக்கில் சீட்டு எழுதுகிறவர், “எப்படி வெட்டியது?” என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? “வீட்டில் தேங்காய் வெட்டும்போது பட்டுவிட்டது.”

பக்கத்தில் நின்ற எங்களுக்கே வாயடைத்துப் போயிற்று. ஏன் அப்படிச் சொன்னார்? இருபது வருஷம் கத்தி பிடித்தவன் தன் விரலையே வெட்டிக்கொண்டான் என்று நாலு பேர் சிரிப்பார்களே என்ற கூச்சம் ஒன்று. அன்றைக்குப் பூட்ஸ் போடாமல் செருப்போடு காட்டுக்குப் போயிருந்தார்; அது தெரிந்தால் ஒரு காசும் கிடைக்காது, தண்டலிடமும் பேச்சு வாங்கவேண்டும் என்ற பயம் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து அந்தத் தேங்காயைக் கொண்டுவந்தன. கூடவே நின்ற நாங்களும் மறுத்துச் சொல்லாமல் இருந்துவிட்டோம். அந்தப் பங்கு எங்களுடையதுதான்.

கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் விரலை மடக்கச் சொன்னார்; நுனி மடங்கவில்லை. ஒரு பக்கம் குச்சியால் தொட்டார், தெரியவில்லை என்றார். “நரம்பு போய்விட்டதா டாக்டர்?” என்று கேட்டோம். தமிழில் நமக்கு எல்லாமே நரம்புதான். இரத்தம் ஓடுவதும் நரம்பு, வலி தெரிவதும் நரம்பு, விரலை இழுப்பதும் நரம்பு. இவை மூன்றும் வேறு வேறு என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். விரலை மடக்குகிற கயிறு போன்றதற்குத் தசைநார் என்று பெயர். அது அறுந்தால் விரல் மடங்காது. தொட்டால் தெரிய வைப்பது உணர்ச்சி நரம்பு. அது தைத்த பிறகு மெள்ள மெள்ளத்தான் வளரும், ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில். ஆகவே விரல் வெட்டுப்பட்டால் இரத்தம் நின்றதா என்று மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். மடங்குகிறதா, நிமிர்கிறதா, நுனியில் தொட்டால் தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

டெட்டனஸ் ஊசி போட்டார்கள். கடைசியாக எப்போது போட்டது என்று கேட்டதற்கு எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. மண்ணும் அழுக்கும் பட்ட காயத்துக்கு, ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போடவேண்டுமாம். அன்று சாயங்காலம் ஆபரேஷன் செய்து தசைநாரையும் நரம்பையும் தைத்தார்கள். புறங்கைப் பக்கம் பட்டை வைத்து, விரல்கள் மடங்கினபடி கட்டி, வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டை ஆறு வாரம். பாரம் தூக்குகிற வேலைக்கு ஏறக்குறைய மூன்று மாதம் போகக்கூடாது என்றார்கள். மூன்று மாதம்! ஒரு விரலுக்கு!

முதல் மூன்று இரவு யாரும் தூங்கவில்லை. கை தொங்கினால் விண் விண் என்று தெறிக்கும். இரண்டு தலையணைமேல் வைத்துப் பார்த்தோம், தூக்கத்தில் சரிந்துவிடும். கடைசியில் மாமியார்தான் வழி கண்டுபிடித்தார். பேரப்பிள்ளைக்கு ஏணை கட்டிய கொக்கி உத்திரத்தில் இருந்தது. அதில் ஒரு பழைய சாரத்தைக் கட்டிக் கையை அதற்குள் தூங்கவைத்தார். கை உயரமாக இருந்தால் வீக்கம் வடியும், வலி குறையும். இது ஆஸ்பத்திரியில் சொன்னதுதான். ஏணை மட்டும் எங்கள் சொந்தச் சரக்கு.

குளிக்கும்போது பிளாஸ்டிக் பை, மேலே ரப்பர் வளையம். கட்டு நனையக்கூடாது. கட்டு மாற்றும் நாளில் துணி ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று பிய்க்காமல், கிளினிக்கில் கொடுக்கிற உப்புத்தண்ணீரால் நனைத்து ஊறவிட்டு எடுக்க வேண்டும். முதலில் நம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதை மகள்தான் செய்தாள். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள்.

வந்து பார்த்தவர்கள் கொடுத்த யோசனைகளை எழுதினால் ஒரு புத்தகம் ஆகும். மஞ்சளை அரைத்துக் கட்டு என்றார் ஒருவர். சுண்ணாம்பும் புகையிலையும் வை என்றார் ஒருவர். காப்பித்தூள், மண்ணெண்ணெய், எல்லாம் வந்தன. மனம் நோகக்கூடாது என்று எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றையும் வைக்கவில்லை. இதில் எங்களுக்குத் துணை நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? மாமியார். ஏனென்றால் 1968ல் மாமனாருக்கும் இதே மாதிரி வெட்டு. அன்றைக்குப் புகையிலைதான் வைத்தார்களாம். சீழ் பிடித்து ஒரு மாதம் படுத்து, கடைசியில் விரல் கட்டைபோல் நின்றுவிட்டது. மடங்காத அந்த விரலோடுதான் அவர் சாகிற வரையில் பால் வெட்டினார். 1952ஆம் வருஷத்துச் சட்டப்படி நஷ்டஈடு கேட்க வழி இருந்தது. கேட்கத் தெரியவில்லை, கேட்டுக் கொடுக்கவும் அந்தத் தோட்டத்தில் ஆளில்லை.

ஆனால் அதே மாமியார் பத்தியத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. முட்டை கூடாது, இறால் கூடாது, மீன் கூடாது, புண் சீழ் கட்டும் என்றார். ஒரு வாரம் ரசமும் சோறும்தான். கட்டு மாற்றப் போன இடத்தில் நர்ஸ் அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார். புதுச்சதை வளருவதற்கு முட்டை, மீன், பருப்பு இவைதான் சரக்கு என்றார். ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் தங்களுக்கு ஆகாததைத் தவிர்த்தால் போதும். மாமியாரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? பக்கத்து மலாய்க்கார அக்கா வந்தார். காயம்பட்டவர்களுக்கு அவர்கள் விரால் மீன்தான் கொடுப்பார்களாம். அவரே ஒரு மீனும் கொண்டுவந்து கொடுத்தார். நர்ஸ் சொல்லிக் கேட்காத மாமியார், அந்த அக்கா சொல்லிக் கேட்டார். விரால் மீனில் தனி மகிமை உண்டோ இல்லையோ, நெத்திலியும் முட்டையும் அந்த வழியாக எங்கள் சட்டிக்குள் திரும்பி வந்துவிட்டன.

இனிப்புநீர் உள்ளவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். நம் லயங்களில் அந்த வியாதி இல்லாத வீடு குறைவு. எங்கள் வீட்டுக்காரருக்கும் உண்டு. இரத்தத்தில் சீனி ஏறி நின்றால் புண் ஆறாது, கிருமி சீக்கிரம் பிடிக்கும். வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது சீனி ஏறத்தான் செய்யும். மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தோம். பால்டின் டீயை நிறுத்தினோம். சிகரெட்டைத்தான் முழுக்க நிறுத்த முடியவில்லை. அது இரத்தக் குழாயைச் சுருக்கி விரல் நுனிக்குப் போகிற இரத்தத்தைக் குறைக்கும் என்று டாக்டர் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். பத்து, மூன்றாகக் குறைந்தது. சம்சுவைப் பற்றி நாங்கள் சொல்லப் போவதில்லை, கேட்கிறவர்களுக்கே தெரியும்.

கிருமிக்கான மாத்திரையை வலி நின்றதும் நிறுத்தாதீர்கள், கொடுத்ததை முடியுங்கள். காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினால், சூடு ஏறினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், கையில் சிவப்புக் கோடு மேலே ஏறினால், விரல் முழுதும் வீங்கி நிமிர்த்தவே முடியாமல் வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இராத்திரியானாலும் வண்டி பிடியுங்கள்.

நாலாவது வாரம். தோல் மூடிவிட்டது. பார்த்தால் ஆறின விரல்தான். அந்த நேரத்தில் ஒரு பேச்சு காதில் விழுந்தது: “நிரையை எத்தனை நாளைக்குக் காலியாக வைப்பது? வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறார்கள்.” யார் சொன்னது, மெய்யா பொய்யா, நாங்கள் விசாரிக்கவில்லை. ஒரு சம்பளத்தில் வீடு ஓடுகிறது, கடையில் கணக்கு ஏறுகிறது, அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாங்கள் காட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பட்டையை அவிழ்த்துவிட்டு, கல்லை எடுத்து வைத்துக் கத்தி தீட்ட ஆரம்பித்திருக்கிறார்.

உள்ளே ‘டக்’கென்று ஒன்று விட்டது. வலிகூட அவ்வளவு இல்லையாம். நுனி மறுபடி மடங்கவில்லை.

அதையும் இரண்டு நாள் எங்களிடம் சொல்லவில்லை! பட்டையை அவரே சுற்றிக்கொண்டு ஒன்றும் நடக்காதவர்போல் உட்கார்ந்திருந்தார். மகள்தான் பயிற்சி கொடுக்கிற நேரத்தில் கண்டுபிடித்தாள். மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஆபரேஷன், மறுபடி ஆறு வாரம் முதலிலிருந்து. டாக்டர் திட்டவில்லை. தோல் இரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும், உள்ளே தைத்த தசைநார் அவ்வளவு சீக்கிரம் பலம் பெறாது என்று ஒரு கயிற்றை இழுத்துக் காட்டினார். முதல் தடவையே அந்தக் கயிற்றைக் காட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியது. ‘பாரம் தூக்காதே’ என்றால் நம் ஆளுக்குக் காண்டா வாளிதான் பாரம். கத்தி தீட்டுவது பாரமாகத் தெரியவில்லை.

இரண்டாம் தடவை நாங்கள் போலீஸ்காரர்போல் காவல் இருந்தோம். பயிற்சியை மட்டும் விடவில்லை. கைப்பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னபடி, அவர் சொன்ன அளவுக்கு மட்டும், நல்ல கையால் வெட்டுப்பட்ட விரலை மெள்ள மடக்கி விடுவது. ஒரேயடியாக அசைக்காமல் வைத்தால் தசைநார் பக்கத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளும். மாமனாரின் விரல் மாதிரி ஆகிவிடும்.

இப்போது பணத்துக்கு வருவோம். கிராணிமார்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள், இது உங்களுக்கும் சேர்த்து.

1969ஆம் வருஷத்துச் சட்டப்படி 1971ல் சொக்சோ வந்தது. வேலையில் அடிபட்டு, அடிபட்ட நாளையும் சேர்த்து நாலு நாளுக்குக் குறையாமல் டாக்டர் எம்.சி. கொடுத்தால், சராசரித் தினச் சம்பளத்தில் 100க்கு 80 பங்கு சொக்சோ கொடுக்கிறது. நம் தவறினால் அடிபட்டதா, முதலாளி தவறினாலா என்ற கேள்வி அங்கே இல்லை. செருப்புப் போட்டுக்கொண்டு போனதற்காகத் தேங்காயை இழுக்க அவசியமே இல்லை. எம்.சி. நாளில் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினால் அந்த நாளுக்கு சொக்சோ பணம் கிடையாது. விரல் பிறகும் சரியாக மடங்காவிட்டால் நிரந்தர ஊனத்துக்குத் தனியாக மனுப் போட்டு மருத்துவக் குழுவுக்குப் போகலாம். 2019 ஜனவரி முதல் நம்மோடு நிரை பிடிக்கிற வெளிநாட்டுத் தம்பிகளுக்கும் வேலை விபத்துக்கு சொக்சோ உண்டு. அவர்களுக்கு இதை யார் சொல்லுவார்கள்? மொழி தெரியாவிட்டாலும் கையைப் பிடித்து ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமே.

எங்கள் விஷயத்தில் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ‘வீடு’ என்று இருந்தது. பணம் வருமா? எங்களைக் காப்பாற்றியது ஒரு கிராணி. அன்று காலை பால் நிறுக்கிற கொட்டகையில் எங்கள் துணியில் இரத்தத்தைப் பார்த்தவர், யாரும் சொல்லாமலே புத்தகத்தை எடுத்து, மணி, காட்டு நம்பர், நிரை நம்பர், கூட நின்ற தண்டல் பெயர் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டார். விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அனுப்பியும் விட்டார். பிறகு இரண்டு காகிதமும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வீட்டுக்காரர் கூச்சத்தை விட்டு உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். தண்டல் சாட்சி சொன்னார். செயலாளர் இரண்டு தடவை கூட வந்தார். இரண்டு மாதம் இழுத்துத்தான் பணம் கைக்கு வந்தது. அந்த இரண்டு மாதமும் கடைக்காரர் முகத்தைப் பார்த்த எங்களுக்குத்தான் தெரியும் அந்தத் தேங்காயின் விலை.

அந்தக் கிராணி இன்றைக்கு இங்கேதான் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. மற்றக் கிராணிமார்களை நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: சின்னக் கீறல் என்று ஆள் சொன்னாலும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். நம் ஆட்கள் கூச்சப்படுகிறவர்கள்.

வீட்டுக்காரர் ஐந்தாம் மாதம் வேலைக்குத் திரும்பினார். நிரையை யாரும் எடுக்கவில்லை. விரல் முக்கால்வாசி மடங்குகிறது. நுனியில் ஒரு பக்கம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. சூடான தகரக் குவளையைப் பிடித்தால் கொப்புளம் வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். அதனால் டீயை இப்போது வலது கையில்தான் கொடுக்கிறோம். பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் காட்டுக்குப் போகிறார்.

கட்டு மாற்றுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சில தங்கச்சிமார் கேட்டார்கள். மகள் துணியும் உப்புத்தண்ணீரும் கொண்டுவந்திருக்கிறாள். டீ குடித்துவிட்டு வாருங்கள், பின்னாலிருக்கிற மேஜையில் காட்டுகிறோம். விரலுக்கு ஆள் ஏற்பாடாகிவிட்டது, அவர்தான் வருவார்.